முன் சீட்டுக்குக் கீழே ஈரம்

தம்பி,

வண்டி சரியாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலையில் நானும் அப்பாவும் ஓட்டிவந்து உன் வீட்டு வாசலில் நிறுத்துவோம். சாவியோடு இந்தக் கடிதத்தையும் உன் கையில் கொடுப்பேன். நேரில் நான் அதிகம் பேசமாட்டேன் என்பது உனக்குத் தெரியும். பேசினாலும் பாதியில் நிறுத்திவிடுவேன், மீதியை நீயாக ஊகித்துக்கொண்டு கோபித்துக்கொள்வாய். எழுதினால் முழுவதையும் சொல்லிவிடலாம்.

சாவியை என் கைப்பையில் போட்டுக்கொண்டு, டாக்சி பிடித்துப் போங்கள் என்று நான் சொன்ன அன்று, நந்தினியை வைத்துக்கொண்டே நீ என்னிடம் கேட்டாய்: "ஒனக்கு யாரு மேலதாம்மா நம்பிக்க இருக்கு?" அதற்கு நான் பதில் சொல்லவில்லை. அதிலிருந்து அப்பாவிடம் மட்டும் பேசுகிறாய். வண்டி எப்போது வரும் என்றும் அவரிடமே கேட்கிறாய். அம்மா வேண்டுமென்றே இழுத்தடிக்கிறாள் என்று நீ சொன்னதையும் அவர் ஒரு வார்த்தை குறையாமல் என்னிடம் சொல்லிவிட்டார். அவரிடம் எதையும் தங்கவைக்க முடியாது.

வளைகாப்பு முடிந்ததும் நந்தினியைப் பெரியகுளத்துக்கு, அவள் அம்மா வீட்டுக்கு, நீயே கூட்டிவந்து விட வேண்டும், அதுவும் நம் வண்டியில்தான் என்று ஆசைப்படுகிறாய். அந்த ஆசையில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் இது சாரல் காலம். கட்டப்பனையில் கிளம்பும்போது மழை, குமுளியில் மூடுபனி, கீழே இறங்க இறங்க வளைவுக்கு வளைவு எதிரே லாரி. நிறைமாதக்காரியை உட்காரவைத்துக்கொண்டு அந்த மலைப்பாதையில் வரும் வண்டிக்குள் எங்கே என்ன நடக்கிறது என்று ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். அன்றைக்கு யாருக்கும் தெரியவில்லை. உனக்கும் தெரியவில்லை, அப்பாவுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. நீ என்னிடம் சொன்னதெல்லாம், "வண்டி கொஞ்சம் தண்ணி குடிக்குது, ஊத்திக்கிட்டாப் போதும்" என்பதுதான்.

அது உன் வார்த்தை இல்லை, அப்பாவின் வார்த்தை. நீ மூன்றாம் வகுப்பு படிக்கும்போது வாங்கிய வண்டி இது. அன்றிலிருந்து, இப்போது நீ கட்டப்பனைக்கு எடுத்துப்போகும் நாட்கள் தவிர, தினமும் காலையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவது போல இதற்கும் தண்ணீர் காட்டிவிட்டுத்தான் தோப்புக்குப் போவார். ஏன் இப்படி என்று உனக்கு நினைவிருக்கும். உனக்கு எட்டோ ஒன்பதோ வயது. லோயர் கேம்ப் தாண்டி மலையேறும்போது வண்டி கொதித்து நின்றது. அவர் தோள் துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியைத் திறந்தார். ஆவி பீறிட்டுக் கிளம்பி முழங்கை வரை வெந்துவிட்டது. பின் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த நீ முழித்து, அப்பா கத்துவதைப் பார்த்து நீயும் கத்தினாய். குடிக்க வைத்திருந்த தண்ணீரில் பாதியைக் கையில் ஊற்றிக்கொண்டார், வண்டி ஆறியதும் மீதியை அதற்கு ஊற்றினார். அந்தத் தழும்பிலிருந்து அவர் கற்றுக்கொண்டது, ரேடியேட்டர் எப்போதும் நிரம்பியிருக்க வேண்டும் என்பது. தண்ணீர் எங்கே போனது என்று அவர் கேட்கவில்லை. காலையில் ஊற்றினால் மாலைவரை கவலையில்லை, மறுநாள் காலையில் மறுபடி ஊற்றிக்கொள்ளலாம். இப்படி நிரப்பிக்கொண்டே இருக்கும் வீட்டில் குறை இருப்பதே கண்ணுக்குத் தெரியாது. பழுதுக்குக்கூட நாளாவட்டத்தில் அந்த வண்டியின் குணம் என்று பெயர் வந்துவிடும்.

நீ கோபித்துக்கொண்டு போன மறுநாள் நான் முதலில் செய்தது, தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தியதுதான். எஞ்சின் ஆறியிருந்த காலை நேரத்தில், எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் தொட்டியில் அளவு எங்கே நிற்கிறது என்று பார்த்து ஒரு துண்டு டேப் ஒட்டினேன். இனி என்னைக் கேட்காமல் ஒரு சொட்டுகூட ஊற்றக்கூடாது, ஆனால் தோப்புக்குப் போக வர ஓட்டலாம், சூடு காட்டும் ஊசி மேலே ஏறினால் அந்த இடத்திலேயே நிறுத்திவிட வேண்டும் என்று அப்பாவிடம் சொன்னேன். "வாயில்லாச் சீவனப் பட்டினி போடச் சொல்றியே, இது நல்லாவா இருக்கு" என்றார். ராத்திரி வண்டி நிற்கும் இடத்தில் பழைய அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்துவைத்தேன். டேப்புக்குக் கீழே அளவு இறங்கிக்கொண்டே வந்தது. அட்டை காய்ந்தே கிடந்தது. அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். "பாத்துக்க லேப்காரம்மா, ஒரு பொட்டு ஈரமில்ல. ஒழுகுனாத்தான ஓட்ட" என்று அட்டையை எடுத்துவந்து என் முகத்துக்கு நேரே ஆட்டினார்.

மண்ணையும் தண்ணீரையும் பரிசோதித்தே இத்தனை வருடச் சம்பளம் வாங்கியவளுக்கு, உள்ளே போனது வெளியே வந்தாக வேண்டும் என்ற ஒன்றிலாவது நம்பிக்கை உண்டு. வெளியே சொட்டவில்லை. எஞ்சினுக்குள் போகிறதென்றால் ஆயிலில் கலந்து அது பால் விட்ட டீ மாதிரி வெளுத்திருக்கும், இல்லாவிட்டால் சைலன்சரில் வெள்ளைப்புகை விடாமல் வரும். இரண்டும் இல்லை. அப்படியானால் நாம் பார்க்காத ஏதோ ஓர் இடம் மிச்சம் இருக்கிறது. அந்த அட்டைக்கு முன்னால் நின்று யோசித்தபோதுதான் நந்தினி சொன்னது நினைவுக்கு வந்தது.

மூன்றாம் மாதத்தில் சொன்னாள். வண்டிக்குள் ஏறினால் சர்க்கரைப் பாகு தீய்ந்தது போல ஒரு வாசனை வருகிறது, வயிற்றைப் புரட்டுகிறது என்றாள். மசக்கை என்றோம். நீ சொன்னாய், அப்பா சொன்னார், அவள் அம்மா சொல்லி எலுமிச்சையும் உப்பு நார்த்தங்காயும் கொடுத்து அனுப்பினார். எதற்கெடுத்தாலும் ஆதாரம் கேட்கும் நானும் அன்றைக்கு ஒன்றும் கேட்கவில்லை. பிள்ளைத்தாய்ச்சிக்கு எல்லா வாசனையும்தான் குமட்டும் என்று நினைத்தேன். வீட்டில் அவளுக்கு வாந்தி நின்று போனது, தாளிக்கிற வாசனை பிடிக்க ஆரம்பித்தது. வண்டியில் மட்டும் நிற்கவில்லை. பிறகு பின் சீட்டில் போய் உட்காரத் தொடங்கினாள். "எம் பக்கத்துல உக்காரவே மாட்டேங்குறா" என்று நீ என்னிடம் பாதி விளையாட்டாகவும் பாதி வருத்தமாகவும் சொன்னாய். கண்ணாடியில் எண்ணெய் பூசினாற்போலப் படலம் படிகிறது, துடைக்கத் துடைக்க இழுபடுகிறது என்றும் சொன்னாய். இவ்வளவும் எனக்குத் தெரியும், தம்பி. தனித்தனியாகத் தெரியும்.

அன்று மாலை அவளைப் போனில் கூப்பிட்டேன். நீ ஆபீசில் இருந்தாய். அந்த வாசனை எப்போது வரும், எந்தப் பக்கம் வரும், ஏறியதுமே வருமா, கொஞ்ச தூரம் போன பிறகா என்று கேட்டேன். "அத்த, நெசமாவே கேக்குறீகளா?" என்றாள்.

நிஜமாகத்தான் கேட்கிறேன் என்றேன்.

"ஏறுன ஒடன வராது அத்த. வண்டி நல்லாச் சூடானப்புறம்தான் வரும். முன்னால நான் கால் வைக்கிற எடமெல்லாம் சொதசொதன்னு இருக்கும். அவுகட்டச் சொன்னா ஏசித் தண்ணிங்குறாக. இங்கன இருக்குற குளுருக்கு நாங்க ஏசியே போடுறதில்லையே அத்த. அப்புறம் எதுக்குச் சொல்லிக்கிட்டுன்னு விட்டுட்டேன்."

உன் மேல் புகாராக அவள் இதைச் சொல்லவில்லை. சாதாரணமாகச் சொன்னாள். இத்தனை வருடம் எத்தனையோ விதமான மாதிரிகளைக் கையில் வாங்கியிருக்கிறேன், இவ்வளவு தெளிவாக யாரும் விவரம் சொல்லிக் கொடுத்ததில்லை. அதை வாங்கிக்கொள்ளத்தான் நம் வீட்டில் ஆள் இல்லாமல் போனது.

போனை வைத்துவிட்டு டார்ச்சோடு போய் வண்டியின் இடப்பக்கக் கதவைத் திறந்தேன். மேலே போட்டிருந்த ரப்பர் விரிப்பு காய்ந்திருந்தது. அதைத் தூக்கி, அடியில் இருந்த கம்பளத்தையும் தூக்கினால், அதற்கும் கீழே உள்ள மெத்தைப் பஞ்சு பிழிந்தால் சொட்டும் அளவுக்கு ஈரம். ஈரத்துக்கு நிறமும் இருந்தது. கூலன்ட் பச்சையாக இருக்க வேண்டும். வருடக்கணக்கில் போர்வெல் தண்ணீரை ஊற்றி ஊற்றி அந்தப் பச்சை வெளுத்துப்போனதால்தான் நீ அதை ஏசித் தண்ணீர் என்று நினைத்தாய். ஆனால் இப்போது பஞ்சில் இருந்தது பச்சையும் இல்லை, வெறும் தண்ணீரும் இல்லை. நல்ல மஞ்சள். எனக்குப் புரியவில்லை. துணிக்குப் போடும் சோப்பைக் கொண்டுவந்து ஓர் ஓரத்தில் தேய்த்தேன். தேய்த்த இடம் குங்குமமாகச் சிவந்தது. சமையலறையில் புழங்கும் எவருக்கும் அது என்னவென்று தெரியும்.

பின்னால் வந்து நின்ற அப்பா, "சாம்பாரு கொட்டியிருக்கும்" என்றார்.

"சாம்பாரு கம்பளத்துக்கு அடியில எப்பிடிங்க போச்சு?" என்றேன்.

சிறிது நேரம் தென்னை மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஒத்துக்கொண்டார். தோப்புக்குத் தேங்காய் ஏற்ற வந்த டெம்போக்காரர் ஒருவர், ரேடியேட்டரில் ரெண்டு கரண்டி மஞ்சள்தூள் போட்டால் ஓட்டை தானாக அடைந்துவிடும், வருசநாட்டு மலையில் அப்படித்தான் ஓட்டுகிறோம் என்று சொன்னாராம். நீ கோபித்துக்கொண்டு போனது அவருக்குப் பொறுக்கவில்லை. எப்படியாவது வண்டி என்னிடம் பாஸாகிவிட வேண்டும் என்று, நான் வேலைக்குப் போன நேரத்தில் போட்டிருக்கிறார். "தண்ணிதான ஊத்தக்கூடாதுன்ன" என்றார். ஓட்டை அடையவில்லை. ஆனால் கசிவைக் கண்டுபிடிக்கச் சாயம் கலந்துவிட வேண்டும் என்று நானே திட்டம் போட்டிருந்தாலும் இதைவிட நல்ல சாயம் கிடைத்திருக்காது. ரேடியேட்டரில் போட்டது நந்தினி கால் வைக்கும் இடத்தில் வந்து நிற்கிறது. அவரை நான் ஒன்றும் சொல்லவில்லை. நீயும் எதுவும் சொல்லாதே.

செல்லப்பாண்டியின் பட்டறை சின்னமனூர் பைபாஸில் இருப்பது உனக்குத் தெரியும். எஞ்சின் ஆறிய பிறகு மூடியைத் திறந்து பார்த்தவர், "ஏங்க்கா, வண்டிக்கு மஞ்சத்தண்ணி ஊத்தியிருக்கீக, என்னக்கா, சடங்கு கழிச்சீகளா? சொல்லியிருந்தா நானும் சீர் கொண்டாந்திருப்பேன்ல" என்றார். அப்பா எதிர்ச்சாரியில் இருந்த டீக்கடையை ரொம்ப ஆர்வமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். செல்லப்பாண்டி ரேடியேட்டர் வாயில் சைக்கிள் பம்பு போன்ற ஒன்றை மாட்டி அழுத்தம் ஏற்றினார். அதில் இருந்த ஊசி மெதுவாக இறங்கியது, எங்கேயும் சொட்டவில்லை. எஞ்சினிலிருந்து வண்டிக்குள் ஹீட்டருக்குப் போகும் குழாய்கள் இரண்டையும் இடுக்கிபோட்டு இறுக்கிவிட்டு மறுபடி ஏற்றினார். ஊசி அசையாமல் நின்றது. அப்புறம் சந்தேகத்துக்கு இடமே இல்லை. டேஷ்போர்டுக்கு உள்ளே குட்டி ரேடியேட்டர் மாதிரி இருக்கும் ஹீட்டர் பெட்டியில் அரிப்பு விழுந்திருக்கிறது. நம் பக்கத்துப் போர்த் தண்ணீரின் உப்பு அதை உள்ளிருந்து தின்றிருக்கிறது. வண்டி சூடேறி அழுத்தம் கூடும்போது மட்டும் அங்கிருந்து கசிந்து, ஆவியாகிக் கண்ணாடியில் படலமாகப் படிகிறது, மீதி கம்பளத்துக்கு அடியில் இறங்குகிறது. அதன் வாசனைதான் நந்தினிக்குப் பாகு தீய்ந்த வாசனை.

நீ இழுத்தடிப்பு என்று சொன்னது இதற்குப் பிறகு நடந்ததை. செல்லப்பாண்டி சுலபமான வழி ஒன்று சொன்னார். ஹீட்டருக்குப் போகும் இரண்டு குழாயையும் எஞ்சின் பக்கத்திலேயே ஒன்றோடொன்று சேர்த்துவிட்டால் ஹீட்டருக்குத் தண்ணீரே போகாது, கசிவும் நின்றுவிடும், சாயங்காலமே வண்டியை எடுத்துக்கொள்ளலாம். "தேனிச் சில்லாவுல ஹீட்டரப் போட்டுக்கிட்டு யாருக்கா வண்டி ஓட்டுறாக? இங்கன வெளியவே ஹீட்டருதான்" என்றார். அவர் சொன்னதில் தவறு இல்லை. இந்தப் பள்ளத்தாக்கில் ஓடும் பழைய வண்டிகள் பாதி அப்படித்தான் ஓடுகின்றன. அப்பாவுக்கு அப்போதே முகம் மலர்ந்துவிட்டது. உனக்குப் போன் செய்வதற்குச் செல்லைக்கூட எடுத்துவிட்டார்.

எனக்கு மனம் ஒப்பவில்லை. இந்த வண்டி தேனியில் ஓடப்போவதில்லை, பாண்டி, மேலே ஓடப்போகிறது என்றேன். மழையில் கண்ணாடியை ஏற்றிவிட்டு இரண்டு பேர் மூச்சுவிட்டாலே முன் கண்ணாடி வெள்ளையாகிவிடும். வண்டியில் இருக்கும் ஏசி பேருக்குத்தான் இருக்கிறது. சுடுகாற்று அடித்தால்தான் கண்ணாடி தெளியும். ஓட்டை போய்விடும், பாதையும் சேர்ந்து மறைந்துபோகும் என்றால் அது என்ன வைத்தியம்? செல்லப்பாண்டி துணியில் கையைத் துடைத்துக்கொண்டே யோசித்தார். புதுப் பெட்டி மதுரையிலிருந்து வர வேண்டும், டேஷ்போர்டு முழுவதையும் கழற்ற வேண்டும், நாளாகும், மருமகன் கோபிப்பாரே என்றார். உன்னைத்தான் மருமகன் என்றார். கோபிக்கட்டும் என்றேன்.

அதன்பின் நடந்தது எல்லாம் பொறுமையான வேலைதான். மஞ்சள் போகும் வரை உள்ளே திரும்பத் திரும்பக் கழுவினார். ரேடியேட்டர் மூடியின் ரப்பர் இறுகிக் கிடந்ததால் அதையும் மாற்றச் சொன்னார், மாற்றினோம். புதுப் பெட்டி பொருத்தியபின் கூலன்டோடு பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீரைக் கலந்து ஊற்றி, மூடியைத் திறந்தபடியே வண்டியை ஓடவிட்டு, உள்ளே அடைபட்ட காற்றெல்லாம் குமிழ் குமிழாக வெளியேறும் வரை காத்திருந்தோம். முந்தாநாள் நானும் அப்பாவும் சின்னமனூரிலிருந்து குமுளி வரை ஏறி இறங்கினோம். கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, ஹீட்டரை முழுதாகப் போட்டுக்கொண்டு. உத்தமபாளையம் தாண்டும்போதே அப்பாவின் சட்டை நனைந்துவிட்டது. "ஒருநா மஞ்சத்தூளப் போட்டதுக்கு என்னய உசுரோட அவிக்கிறியேடி" என்றார். கம்பம், கூடலூர் எல்லாம் கடந்து மலையேறி, வழக்கமாக அவர் நிறுத்தும் ஊற்றுத் தண்ணீர் இடம் வந்ததும் வண்டி தானாகவே ஓரங்கட்டுவது போல அவர் கை திரும்பியது. போங்க என்றேன். போனார். ஊசி நடுவிலேயே நின்றது. திரும்பிவந்து, ஆறவைத்து, காலையில் பார்த்தேன். அளவு குறையவில்லை. கம்பளத்துக்கு அடியில் நான் விரித்திருந்த வெள்ளை வேட்டித் துணி காய்ந்திருந்தது.

இனி நீ செய்ய வேண்டியவை கொஞ்சம் உண்டு. போர்த் தண்ணீரை இதில் ஊற்றாதே. சூடாக இருக்கும்போது மூடியைத் தொடாதே, அப்பா கையை நினைத்துக்கொள். வாரத்தில் ஒரு காலையில் தொட்டியைப் பார், குறைந்திருந்தால் நிரப்புவதற்கு முன்னால் ஏன் என்று கேள். வண்டிக்கு இவ்வளவு போதும்.

நீ அன்று கேட்ட கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். உன் மேல் எனக்கு நம்பிக்கை இருக்கிறது. "ஒண்ணுமில்ல" என்ற சொல்லின் மேல்தான் இல்லை. நம் வீட்டு ஆண்கள் அதை அன்பாகவே சொல்கிறீர்கள். யாரும் பயந்துவிடக் கூடாது என்று சொல்கிறீர்கள். ஆனால் அதைக் கேட்டவள் அதன்பிறகு சொல்வதை நிறுத்திவிடுகிறாள். போன வருடம் ஓடைப்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு திராட்சைக்காரர் கிணற்றுத் தண்ணீர் கொண்டுவந்தார். தண்ணீர் கரிக்கிறது என்று வெகுநாளாக மனைவி சொன்னாராம். உன் நாக்கில்தான் கோளாறு என்று இவர் சொல்லிக்கொண்டிருந்தாராம். கொடி கருகத் தொடங்கிய பிறகு என்னிடம் வந்தார். அந்த அம்மாள் கூடவே வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். உப்பு ஏறியிருக்கிறது என்று நான் சொன்னபோது அந்த அம்மாள் முகத்தில் ஜெயித்த சந்தோஷம் கொஞ்சம்கூட இல்லை. வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லி ஓய்ந்தவரின் முகம் அப்படித்தான் இருக்கும். நந்தினிக்கு அந்த முகம் வர வேண்டாம். பிரசவத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது. அதற்கு முன்னும் பின்னும் உடம்பில் என்னென்னவோ செய்கிறது என்று சொல்வாள். சிலது ஒன்றுமில்லாததாக இருக்கலாம். அதை டாக்டர் சொல்லட்டும், நீ சொல்லாதே. எங்கே, எப்போதிருந்து என்று மட்டும் கேள்.

இதைப் படித்து முடித்ததும் நீ சாவியைப் பைக்குள் போட்டுக்கொள்ளாதே. நந்தினியை முன் சீட்டில் உட்காரச் சொல். கண்ணாடியை ஏற்றி, ஹீட்டரைப் போட்டு, வண்டி நன்றாகச் சூடாகும் வரை அவளோடு ஒரு சுற்றுப் போய்வா. நானும் அப்பாவும் வாசலிலேயே நிற்கிறோம். செல்லப்பாண்டி சரியாகிவிட்டது என்கிறார், அளவு குறையவில்லை என்று நானும் பார்த்துவிட்டேன். ஆனால் எங்கள் யாருக்கும் அந்த வாசனை முதலிலும் தெரியவில்லை, இப்போதும் தெரியவில்லை. அதனால் எங்கள் பேச்சு செல்லாது. அவள் இறங்கிவந்து இல்லை என்று சொன்னால் சாவி உன்னுடையது. இன்னும் வருகிறது என்று சொன்னால், மறுபேச்சில்லாமல் வண்டியை நானே திருப்பி ஓட்டிக்கொண்டு போவேன், நீங்கள் டாக்சியில் வாருங்கள்.

அம்மா